பேர் வெட்டிய பிறகும் உடம்பு இருக்கிறது



ஆகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில் இருந்து இதை எழுதுகிறேன். தோட்டத்தில் என்னைக் "கல்முனை சேர்" என்று கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு சின்னத் திருத்தம். என் ஊர் கல்முனை அல்ல, நிந்தவூர். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுப் போகும் வீதியில் சாய்ந்தமருது, காரைதீவு இரண்டையும் தாண்டினால் எங்கள் ஊர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயல். ஏறுவதற்கு ஒரு மேடுகூடக் கிடையாது. மலையிலிருந்து இறங்கி வந்து முதல் இரண்டு நாளும் எனக்குக் கால் எதையோ தேடிக்கொண்டே இருக்கும்.

விடியத் தொழுகை முடிந்ததும் வாப்பாவுடன் கடற்கரைக்குப் போவேன். வாப்பா தபால் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். டொக்டர் நடக்கச் சொன்ன நாளிலிருந்து மழை நாள் தவிர நடக்கிறார். அவருடன் ஐந்தாறு பேர் சேர்ந்துகொள்வார்கள். பழைய அதிபர் ஒருவர், கச்சேரியில் கிளாக்காக இருந்தவர் ஒருவர், வங்கிக்காரர் ஒருவர். எல்லோரும் பென்சன்காரர். ஒருவர் எத்தனை எட்டு நடந்தோம் என்று கைப்பேசியில் எண்ணிச் சொல்வார். மற்றவர்கள் அதை நம்பமாட்டார்கள். நடை முடிய ஒரு பிளேன்டீ, ஒரு அரசியல் சண்டை, பிறகு வீடு.

அதே கடற்கரையில், அதே நேரத்தில், கரைவலை இழுக்கிறார்கள். கச்சான் காற்றுக் காலத்தில் கடல் அடங்கியிருப்பதால் இங்கு கரைவலைக்கு இதுதான் பருவம். கயிற்றைப் பிடித்துப் பின்னுக்குப் பின்னுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் இளைஞர்கள். மீதியில் நரைத்த தலைகளும் உண்டு. அவர்களில் ஒருவருக்கு என் வாப்பாவின் வயதுதான். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஆனால் பக்கத்தில் நின்றால் அவரை வாப்பாவின் மூத்த காக்கா என்றுதான் சொல்வீர்கள். முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. குந்தினால் எழும்பக் கை வேண்டும்.

"நீங்க செய்யாத எக்சைசா, உங்களுக்கு நடை தேவையில்ல" என்று நான் ஒரு நாள் பகிடியாகச் சொல்லிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "எங்க மகன், காலையில ரெண்டு தரம் வலை வளைச்சா முதுகு பலகையாப் போயிடும். அதுக்குப் பிறகு வீட்ட போய்ப் படுக்கிறதுதான்" என்றார்.

அந்தப் பதில் என்னைச் சுட்டது. ஏனென்றால் நான் சொன்ன அதே பகிடியைத் தோட்டத்தில் எல்லோரும் நம்புகிறோம். நாற்பது வருடம் மலை ஏறி இறங்கிக் கொழுந்து எடுத்தவளுக்கு எதற்கு உடற்பயிற்சி, அது டவுன்காரர் வேலை என்கிறோம். தலைவர்மாரும் சொல்கிறார்கள், பிள்ளைகளும் சொல்கிறார்கள், அந்த அம்மாமாரும் சொல்கிறார்கள். அது பிழை என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. லண்டன் மாநகரத்தில் மாடி பஸ் ஓடிய காலம். ஜெரி மொரிஸ் என்ற மருத்துவர் பஸ் தொழிலாளர்களை ஆராய்ந்து 1953இல் ஒரு முடிவை வெளியிட்டார். ஒரே பஸ்தான், ஒரே புகைதான், கிட்டத்தட்ட ஒரே குடும்ப நிலைமைதான். ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் சாரதிகளை விட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கட் கொடுக்கும் கொண்டக்டர்களுக்கு மாரடைப்புக் குறைவாக வந்தது. உடம்பை அசைப்பது இருதயத்துக்கு நல்லது என்று உலகம் பேசத் தொடங்கியதற்குப் பெரிய காரணம் அந்த ஆய்வுதான். பஸ் தொழிலாளர்களின் உடம்பிலிருந்துதான் அந்த அறிவு வந்தது என்பதை நாம் கொஞ்சம் பெருமையுடன் நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் 104,046 பேரைச் சுமார் பத்து வருடம் பின்தொடர்ந்து 2021இல் ஒரு ஆய்வு வெளியானது. ஓய்வு நேரத்தில் தாமாக உடம்பை அசைத்தவர்களுக்குச் சாவும் இருதய நோயும் குறைந்திருந்தன. நன்றாக அசைத்தவர்களிடம் சாவு சுமார் 40 சதவீதம் குறைவு. ஆனால் வேலையிலேயே மிகக் கடுமையாக உடம்பை வருத்தியவர்களுக்கு நேர் எதிர். மாரடைப்பு போன்ற பெரிய இருதய, இரத்தக்குழாய் நோய்கள் 35 சதவீதமும் சாவு 27 சதவீதமும் கூடியிருந்தன. புகைத்தல், படிப்பு போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை.

இது எப்படி என்று ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் கொழுந்து எடுத்தவர்களுக்கு உடனே விளங்கும். நடைப்பயிற்சி செய்கிறவர் அரை மணி நேரம் இருதயத்தை வேகப்படுத்தி, பிறகு ஆற விடுகிறார். களைத்தால் நிற்கலாம். கால் வலித்தால் நாளைக்கு விடலாம். வேலையில் அப்படி இல்லை. எட்டு மணி நேரம் இருதயமும் இரத்த அழுத்தமும் கூடியபடியே இருக்கின்றன. நின்றால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் அரைப்பேர். தலையில் கயிறு, முதுகில் பாரம், ஒரே மாதிரிக் குனிதல், ஒரே மாதிரிக் கை. கழுத்தும் இடுப்பும் முழங்காலும் தேய்கின்றன. சில தசைகள் இரும்பாகின்றன, சில தசைகள் வேலையே இல்லாமல் வாடுகின்றன. அதற்குப் பிறகு ஒரு நாள் பேர் வெட்டுகிறார்கள். அடுத்த நாள் காலையில் எல்லாம் ஒரேயடியாக நின்றுவிடுகிறது.

எங்கள் டிவிசனில் ஒரு அம்மா இருக்கிறார். பதினேழு வயதில் பேர் பதிந்து, முப்பத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்து, ஐம்பத்தைந்தில் பேர் வெட்டியவர். அவருடைய பேத்தி என் வகுப்பில் படித்தாள். வேலையில் இருந்த காலத்தில் அவர் கோயில் படியை ஏறும் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது. பேர் வெட்டி இரண்டு வருடத்தில் அதே படியில் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் விரலில் ஒரு புண் ஆறவில்லை என்று போன இடத்தில்தான் சீனி இருப்பது தெரிந்தது. "சும்மா இருக்கப் போயித்தான் சேர் இப்பிடி ஆயிருச்சு. வேலைக்குப் போன வரைக்கும் ஒரு நோயும் இல்ல" என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. வேலை ஓடிக்கொண்டிருந்த வரை சாப்பிட்ட சீனியும் மாவும் எரிந்து போயின. பேர் வெட்டிய பிறகும் அதே மூன்று நேரக் கோதுமை மா ரொட்டி, அதே நாலு கோப்பைச் சீனித் தேத்தண்ணீர். எரிக்க மலை இல்லை. ஆனால் நோய் அன்றைக்கு வந்தது அல்ல. பிரஷரும் சீனியும் வலி காட்டாமல் வருடக்கணக்கில் உள்ளே இருக்கக் கூடியவை. வேலைக்குப் போன வரை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு நோயில்லாத உடம்பைக் காட்டக் கிளினிக் வரிசையில் நிற்க யாரால் முடியும்?

"சும்மா" என்ற வார்த்தையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்த அம்மா நாலரை மணிக்கு எழும்புகிறார். வேலைக்குப் போகிற மருமகளுக்கும் மகனுக்கும் ரொட்டி சுடுகிறார். கைப்பிள்ளையைப் பார்க்கிறார். விறகு பொறுக்குகிறார், தண்ணீர் பிடிக்கிறார். இதைத்தான் வீட்டில் எல்லோரும் சும்மா இருப்பது என்கிறார்கள். இந்த அசைவும் படுத்திருப்பதை விட நல்லதுதான். ஆனால் வேலையில் வருந்திய அதே இடுப்பும் கழுத்தும்தான் இங்கும் வருந்துகின்றன. தொடைக்கும் மூச்சுக்கும் பலம் தரக்கூடிய, அவருக்கென்றே ஆன அரை மணி நேரம் அந்த நாளில் எங்கும் இல்லை.

என் வாப்பாவுக்கு அந்த அரை மணி நேரம் எங்கிருந்து வந்தது? மாதம் பிறந்தால் பென்சன் வருகிறது. அவருடைய காலை நேரத்தைப் பென்சன் வாங்கிக் கொடுத்திருக்கிறது. கரைவலை இழுப்பவருக்கு அது இல்லை. நமக்கும் இல்லை. நமக்கு இருப்பது ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கைப் பொறுப்பு நிதி, சேவைக்காலப் பணம். எல்லாம் ஒரே தடவையில் கையில் வருகிற காசு. சேவைக்காலப் பணம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் கணக்குப் போட்டால், முப்பது வருடம் வேலை செய்தவருக்கு 567,000 ரூபா. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதும் அதே சட்டம். கொடுத்த காசு எங்கே போகிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கூரைத் தகரம், மகளின் கலியாணம், மகன் கொழும்பில் பட்ட கடன். ஆண்கள் விஷயத்தில் சாராயக் கடைக்காரரும் ஒரு பங்காளி. ஒரு வருடத்தில் காசு கரைந்துவிடும். பிறகு கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகிறார்கள். இப்போது சேமலாப நிதியும் இல்லை, சுகவீனம் என்றால் கேட்கவும் ஆள் இல்லை. தேய்ந்த முழங்கால் இன்னும் தேய்கிறது. தனியார் துறையில் ஆகக்குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கிய 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகும், சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம் என்பதால் காசுக்காக முந்திப் பேர் வெட்டுகிறவர்கள் எங்கள் தோட்டத்திலேயே பலர். ஆகவே ஓய்வூதியம் கேட்டுப் பேசுகிறபோது நாம் காசை மட்டும் கேட்கவில்லை. நடப்பதற்கு ஒரு காலை நேரத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடியவர்கள் மிச்ச நேரம் தொழிலாளிக்குச் சொந்தம் என்றுதான் சொன்னார்கள். அந்தச் சொந்தம் அறுபது வயதில் முடிந்துவிடக் கூடாது.

போன வருடம் சிவராத்திரிக்குப் பிறகு, பாடசாலை மைதானத்தில் மாலை நாலு மணிக்கு ஒரு நடைக் குழு தொடங்கினேன். அதிபர் சம்மதித்தார். முதல் நாள் பதினொரு பேர் வந்தார்கள், ஒன்பது பெண்களும் இரண்டு ஆண்களும். எனக்குத் தலைகால் புரியவில்லை. விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குவது போல முதல் வாரத்திலேயே மைதானத்தைச் சுற்றி வேகமாக நடக்க வைத்தேன். ஒரு அம்மாவுக்கு முழங்கால் வீங்கி ஒரு கிழமை எழும்ப முடியவில்லை. அது என் பிழை. அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், பிளேன்டீ தந்தார்கள். அவர் திரும்ப வரவே இல்லை.

இரண்டு மாதத்தில் பதினொன்று நாலாகியது. முழங்கால் மட்டும் காரணம் அல்ல. மருமகள் வேலையால் வர ஐந்து மணியாகும், அதுவரை பிள்ளையை யார் பார்ப்பது? லயத்து வாசலில் இருக்கிற இளவட்டங்கள் "பாட்டி ஒலிம்பிக் போவுது" என்று கத்துவார்கள். ஒரு மகன் என்னிடம் நேராகவே கேட்டான்: "வெறுங்கையோட நடக்குறதுக்கு, ஒரு வெறகுக் கட்டு தூக்கிட்டு வந்தா வீட்டுக்காவது ஆகுமே சேர்?" அவன் கெட்டவன் அல்ல. தாயின் உடம்பு வீட்டுக்கு உழைக்கிற உடம்பு என்று பார்த்துப் பழகியவன். துரைமாரும் அப்படித்தான் பார்த்தார்கள் என்று அவனிடம் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்தது. எனக்கும்தான்.

மிஞ்சிய நாலு பேருடன் முறையை மாற்றினேன். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சை செய்கிற ஒரு மிஸ்ஸிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னது: முதலில் நடக்க வேண்டாம், உட்கார்ந்து எழும்பட்டும். அன்றிலிருந்து வகுப்பறைக் கதிரைதான் எங்கள் கருவி. கதிரையைச் சுவரோடு சாய்த்து வைத்து, கை ஊன்றாமல் எழும்பி, மெதுவாக உட்கார வேண்டும். முடியாதவர்கள் முதலில் ஒரு கை ஊன்றலாம். ஐந்து தரத்தில் தொடங்கி, பல நாள் எடுத்துப் பத்துக்கு வந்தோம். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்பது. பிறகு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நிற்பது. கேட்கச் சிறுபிள்ளை விளையாட்டுப் போல இருக்கும். செய்து பாருங்கள், நாற்பது வயதுக்காரருக்கே நடுங்கும். வயதானவர்கள் விழுவது கால் பலமும் நிதானமும் குறைவதால்தான். எங்கள் படிகளில், அதுவும் மழை காலத்தில், ஒரு விழுகை என்றால் இடுப்பெலும்பு. இடுப்பெலும்பு போனால் வீட்டில் இரண்டு பேரின் சம்பளம் போகும்.

வயது போன பிறகு தசை வளருமா என்று கேட்பீர்கள். 1990இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் முதியோர் இல்லமொன்றில் இருந்த தொண்ணூறு வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் காலுக்குப் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்கள் ஒன்பது பேர்தான், சின்ன ஆய்வு. ஆனால் அவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஐம்பத்தைந்து வயதில் "இனி என்னா சேர்" என்று சொல்கிறவர்களுக்கு இதை நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து, விரலில் புண் வந்த அந்த அம்மா கோயில் படியை யாருடைய தோளும் இல்லாமல் ஏறினார். நடுவில் ஒரு தரம் நின்றார். அவ்வளவுதான் சாதனை. சீனி போய்விடவில்லை, மாத்திரை தொடர்கிறது. ஆனால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தேன்.

எவ்வளவு செய்ய வேண்டும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது. வாரத்துக்கு 150 நிமிடத்துக்குக் குறையாத மிதமான அசைவு. அதாவது அரை மணி நேர நடை ஐந்து நாள். அறுபத்தைந்து தாண்டியவர்கள் நிதானத்துக்கும் பலத்துக்குமான பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது சேர்க்க வேண்டும். மிதம் என்றால், நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அரை மணி ஒரே தடவையில் வேண்டும் என்றும் இல்லை. பத்து நிமிடமாக மூன்று தரம் நடந்தாலும் கணக்குத்தான். நெஞ்சு இறுகினாலோ, மூச்சு முட்டினாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சீனிக்கு மருந்தெடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். வெறுங்காலுடன் நடக்கவே வேண்டாம். இரவில் விளக்கடியில் உள்ளங்காலைப் பேரப்பிள்ளையிடம் காட்டிப் புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை குடித்துப் பிரஷர் சரியாகிவிட்டது என்று மாத்திரையை விடுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். மாத்திரை குடிப்பதால்தான் அது சரியாக இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தசைக்குப் புரதம் வேண்டும், ரொட்டியும் சம்பலும் போதாது. பருப்பு, கடலை, முட்டை, இல்லாவிட்டால் எங்கள் கரையிலிருந்து மலைக்கு வருகிற நெத்தலிக் கருவாடு. உப்பைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிவிட்டுச் சமையுங்கள். தேத்தண்ணீரில் சீனியைக் கரண்டி கரண்டியாகக் குறையுங்கள். வெற்றிலை வாயில் புகையிலையை வைத்துக்கொண்டு ஆரோக்கியம் பேசுவதில் பிரயோசனம் இல்லை.

நடக்க இடம் வேண்டும் என்பதும் சின்ன விஷயம் அல்ல. எங்கள் நிந்தவூர்க் கடற்கரையைப் பாருங்கள். தெற்கே ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய பிறகு வடக்குப் பக்கக் கரையைக் கடல் அரிக்கத் தொடங்கியது. தென்னை நின்ற இடத்தில் இப்போது அலை நிற்கிறது. வாப்பாவும் கூட்டாளிமாரும் நடக்கிற மணல் வருடத்துக்கு வருடம் ஒடுங்குகிறது. பெண்களுக்கு அந்த மணலும் இல்லை. என் உம்மா வீட்டு வளவுக்குள்தான் வேலியோரமாகச் சுற்றுவார். பள்ளிவாசலில் முழங்கால் மடங்காதவர்கள் தொழுவதற்கு வைக்கிற கதிரைகள் நான் சிறுவனாக இருந்தபோது ஒன்றோ இரண்டோ. இப்போது ஒரு வரிசை. ஆகவே ஊர்க்காரர் எல்லோரும் நல்லாயிருக்கிறார்கள், நாம் மட்டும்தான் பின்தங்கிவிட்டோம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொற்றா நோய்களுக்கென்றே ஒரு அரசாங்க ஆயுர்வேத ஆராய்ச்சி வைத்தியசாலை நிந்தவூரில் இருக்கிறது. ஒரு ஓட்டோவில் ஏறினால் போய்விடலாம். நம்மவர் பிரஷர் பார்க்க எத்தனை மைல் இறங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

தோட்டத்தில் நடக்க இடம் என்று கேட்டால் சிரிப்பார்கள், இவ்வளவு மலை இருக்கிறதே என்று. தேயிலைக்குள் குறுக்குப் பாதை வழுக்கும், குளவி கொட்டும், அட்டை ஏறும். ரோட்டில் லொறி. சமமான, வெளிச்சமான, கைபிடிக்க ஒரு கம்பியுள்ள நூறு யார் பாதை எத்தனை டிவிசனில் இருக்கிறது? லயத்துப் படிகளுக்குக் கைபிடிக் கம்பி போடுவது பெரிய செலவு அல்ல. தோட்டக் கமிட்டி கேட்டால் நடக்கும். கேட்டதே இல்லை.

இனி நம் சங்கத்தைப் பற்றி. இதை நம் பத்திரிகையிலேயே எழுத இடம் தந்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டு எழுதுகிறேன். ஒருவர் பேர் வெட்டும்போது நாம் நன்றாக வேலை செய்கிறோம். பாரம் நிரப்புகிறோம், சேமலாப நிதிக்கு அலைகிறோம், சேவைக்காலப் பணம் பிந்தினால் தொழில் அலுவலகத்துக்கு எழுதுகிறோம். காசு கைக்கு வந்த அன்றோடு அவர் நமக்கு அந்நியர். சந்தா செக்றோலில் இருந்துதான் வெட்டப்படுகிறது. பேர் போனால் சந்தா போகிறது, சந்தா போனால் உறவும் போகிறது. நாற்பது வருடம் சந்தா கட்டியவர், வேலைநிறுத்தத்தில் பட்டினி கிடந்தவர், மே தினத்துக்கு லொறியில் நின்றபடி வந்தவர், இப்போது மாதர் சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிடக்கூட ஆளில்லாதவர். கடைசியாக நாம் அவர் வீட்டுக்குப் போவது மாலையோடுதான்.

நான் கேட்பது அதிகம் இல்லை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு பதிவேடு இருக்கட்டும். பெயரளவுக்கு ஒரு சின்னச் சந்தா வைத்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அவர்கள் அங்கத்தவர்களாகவே இருக்கட்டும். மாதர் சங்கத் தலைவிமார் வாரத்தில் மூன்று மாலை ஒரு மணி நேரத்துக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆள் ஒழுங்குபடுத்தட்டும். எங்கள் குழு உடைந்தது பெரும்பாலும் அதில்தான். அரசாங்க வைத்தியசாலைகளில் முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு இலவசமாகப் பிரஷரும் சீனியும் பார்க்கிறார்கள். அதற்கு வேலை நாளில் சம்பளம் வெட்டாமல் போய்வரவோ, அல்லது அந்தக் குழுவையே ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வரவழைக்கவோ நாம் நிர்வாகத்துடனும் சுகாதார அதிகாரியுடனும் பேச வேண்டும். பேர் வெட்டிய பிறகு அல்ல, நாற்பது வயதிலேயே. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தின் கீழ் கிராம சேவகர் பிரிவுகளில் முதியோர் கமிட்டிகள் அமைக்க இடம் இருக்கிறது. அறுபது தாண்டியவர்களுக்குப் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டை கொடுக்கிறார்கள். எங்கள் டிவிசனில் அந்த அட்டையை வைத்திருப்பவர்களை நான் எண்ணிப் பார்த்தேன், ஒரு கை விரல் போதும்.

"இளைஞர்களுக்கே சம்பளம் வாங்கிக் கொடுக்க முடியவில்லை, கிழவிகளுக்கு எக்சைசா" என்று ஒரு தோழர் என்னிடம் சொன்னார். இரண்டையும் தனித்தனி வேலையாகப் பார்ப்பதால் வரும் பேச்சு அது. இன்றைக்குப் பாரம் சுமக்கிற முப்பது வயது மருமகளின் முழங்கால்தான் ஐம்பத்தைந்தில் மடங்காமல் போகப் போகிறது. நிறுவைக்கு இடையில் ஓய்வு, பாரத்துக்கு ஒரு அளவு, மலையில் ஒரு கழிப்பறை என்று நாம் கேட்பதெல்லாம் அந்த முழங்காலுக்குத்தான்.

பாடசாலை செப்டெம்பர் முதல் வாரம் திறக்கிறது. கரைவலை இழுக்கிற அந்தப் பெரியவருக்கு வாப்பா கதிரைப் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் செய்வாரா தெரியாது. நான் மலையேறிய மறுநாள் செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணிக்கு, எங்கள் குழு மறுபடி கூடும். மைதானத்துக் கதவின் சாவி என்னிடம் இருக்கிறது. கதிரைகளை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வெளியே எடுத்து வைப்பார்கள். செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள். விறகுக் கட்டு வேண்டாம்.